கம்பத்துல ஆள் இல்ல

சேற்று வாடையும் இன்ஜின் ஆயில் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் பசி எடுக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது...

மலாயாவில் பெருவெள்ளம் வந்த அந்த வாரம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பாதி ஆற்றுக்குள் கிடந்தது. பவர் ஸ்டேஷனுக்குள் தண்ணீர் புகுந்து டவுனில் கரண்டு இல்லை. மண்ணெண்ணெய் டின்களையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மேட்டில் இருந்த எங்கள் சபைக் கட்டடம் மட்டும்தான் தப்பியது. ரயில்வே குவார்ட்டர்ஸ் சனம், சீனர்கள், மலாய்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான்.

நான் அப்போதுதான் எலக்ட்ரிகல் டிரெயினிங் முடித்திருந்தேன். வாலிபர் சங்கம் கஞ்சிக்கு ஒரு குழு, படகுக்கு ஒரு குழு என்று ஆள் பிரித்தது. அதற்கு முன்னால் ஜெபம். அது நீண்டுகொண்டே போனது.

"ஐயா, நீங்க ஆமென் சொல்லிட்டா நான் கரண்டு வேலையப் பாக்கப் போவேன்" என்றேன்.

போதகர் கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றார்!

அவசரம் சும்மா இல்லை. ரயில்வே ஸ்டோரில் கிளார்க்காக இருந்த என் சிநேகிதன் சாமுவேலின் மனைவி ரெபேக்கா, தண்ணீரில் நடந்து வரும்போது கூரைத் தகரத்தை மிதித்துவிட்டாள். காலில் ஆழமான வெட்டு. துண்டு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. எங்களோடு அங்கே ஒதுங்கியிருந்த டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார்.

"நரம்புக்குப் பக்கத்துல இருக்கு. நல்ல வெளிச்சம் இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன். நாளைக்குன்னு விட்டா கால் தங்காது."

வானம் கறுத்துக் கிடந்தது. பகலே மங்கல்தான்.

கீழே சாலையோரம் ஒரு பயாஸ்கோப் கொட்டகை இருந்தது. அதில் ஆயில் இன்ஜின், டைனமோ, பல்பு, வயர் எல்லாம் உண்டு. தரையில் சேறு புகுந்திருந்தாலும், உயரமான திட்டில் இருந்த இன்ஜினைத் தண்ணீர் தொடவில்லை. ஆனால் பயாஸ்கோப் பார்ப்பவர்களைப் போதகர் போன மாதம்தான் பிரசங்கத்தில் பிடி பிடியென்று பிடித்திருந்தார். இப்போது அவரே போய்க் கேட்டார்.

கொட்டகைக்காரர் விடுவாரா? "எங்க மெஷினப் பிசாசுன்னு சொன்னீங்களாமே, ஐயா?"

"மெஷினச் சொல்லலப்பா... படத்தத்தான் சொன்னேன்."

சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார், நல்ல மனுஷர்.

இன்ஜினைச் சேற்றில் நகர்த்த முடியாது, சேறு புகுந்த கொட்டகையில் கத்தி வைக்கவும் முடியாது. ஆகவே கொட்டகையிலிருந்து மேட்டுக்கு வயர் இழுக்க வேண்டும். சாய்ந்து நின்ற பழைய கம்பங்களிலேயே கட்டிக்கொண்டு போனேன். கடைசிக் கம்பம் மரங்களுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கொட்டகை தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் சாமுவேலை நிறுத்தியிருந்தேன்.

"கம்பத்துல ஆள் இல்லன்னு சேதி வந்தாத்தான் சுவிட்சப் போடணும். புரியுதா?"

"புரியுது, புரியுது. நீ சீக்கிரம் போ!"

ஏறுவதற்கு முன்னால் இரண்டு வயரையும் செம்புக் கம்பியால் சேர்த்து முறுக்கி, தரையில் அடித்த இரும்புக் கோலோடு கட்டினேன். இப்படிக் கட்டிவிட்டால் யாராவது கரண்டு விட்டாலும் அது ஆளைத் தேடி வராது, பியூஸைத்தான் தின்னும். டிரெயினிங்கில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஏறினேன். மழை. கை வழுக்கியது. கடைசி முடிச்சு...

டமார்! கொட்டகைப் பக்கம் வெடிச் சத்தம். "ஐயோ ஏசுவே!" என்று சாமுவேலின் குரல்.

இறங்கினேனா, விழுந்தேனா, தெரியாது. ஓடினேன். சாமுவேல் மல்லாக்கக் கிடந்தான். அடி இல்லை, பயம்தான். பக்கத்தில் முனியாண்டி அண்ணன் துடுப்போடு திகைத்து நின்றார். அவர் ரயில்பாதை கேங் ஆள். எங்கள் சபை இல்லை, ஆனாலும் எங்கள் படகுக் குழுவில் முதல் ஆள் அவர்தான்.

"ஏண்டா போட்ட?" என்று கத்தினேன்.

"அண்ணன்தான் கத்திக்கிட்டே வந்தாரு... கம்பத்துல ஆள் இல்லன்னு!"

"ஆமா தம்பி! ஒரு ஆள் இல்ல! கடைசிப் பாட்டிம்மாவையும் கோழிக்கூண்டையும் ஏத்திக்கிட்டு வந்துட்டேன்லா!"

அவர் சொன்னது ஆற்றோரத்து மலாய்க்காரர்களின் கம்பம். நான் சொன்னது மரக் கம்பம். நம் மலாயாத் தமிழில் கிராமத்துக்கும் அதே பெயர், விளக்குத் தூணுக்கும் அதே பெயர்! எனக்குச் சிரிப்பு வந்தது. முனியாண்டி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒன்னையக் கொன்னுருப்பேனே, தம்பி..."

சத்தம் கேட்டு ஓடிவந்த போதகர், "இனிமே 'அல்லேலூயா'ன்னு அடையாளம் வச்சுக்கலாமா?" என்றார்.

"வேணாம் ஐயா. நம்ம சபையில நிமிஷத்துக்கு ஒரு தரம் கேக்கும். நான் கம்பத்துலயே பரலோகம் போயிருவேன்!"

புது பியூஸைக் கட்டினேன். ஆனால் மாட்டவில்லை, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இனி வார்த்தையே வேணாம். இது என்கிட்ட இருக்கிற வரைக்கும் எவன் சுவிட்சப் போட்டாலும் கரண்டு வராது."

சாமுவேலுக்கு உடனே பிடிபட்டது. "ரயில்ல ஒரு டிரைவர்கிட்ட டோக்கன் இருக்கிற வரைக்கும் வேற வண்டி அந்தப் பாதையில வர முடியாதே, அது மாதிரி!"

திரும்ப ஏறினேன். முடித்தேன். செம்புக் கம்பியை அவிழ்த்தேன். கீழே வந்து நானே பியூஸை மாட்டினேன். "இப்பப் போடுடா."

அவன் கை நீளவில்லை. பார்த்தேன், கண்ணில் தண்ணீர். அவன் கையைப் பிடித்து, இருவருமாகவே போட்டோம்.

மேட்டில் வெளிச்சம்! சன்னலெல்லாம் மஞ்சள்! உள்ளிருந்து ஒரே கூச்சல். நானே அல்லேலூயா என்று கத்தினேன், வெட்கமில்லாமல். மேடேறிப் போனேன். டாக்டரம்மா தகரத் துண்டை எடுத்துப் பீங்கான் தட்டில் போட்ட 'டிங்' சத்தம் வாசல் வரை கேட்டது. கால் தங்கியது. அப்புறம்தான், காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பதே நினைவு வந்தது. ஆயில் கையோடு குடித்த அந்தக் கஞ்சி... அடடா!

இப்போது பிரிக்பீல்ட்ஸில் தெருவுக்குத் தெரு விளக்கு. கொஞ்ச நேரம் கரண்டு நின்றால் ஆளுக்கு ஆள் திட்டுகிறார்கள். எங்கள் வேலையிடத்தில் சுவிட்சில் தொங்கவிட, 'போடாதே' என்று எழுதிய சிவப்பு அட்டை வந்துவிட்டது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் விளக்கு எரிந்தால் யாரும் கத்துவதில்லை இப்போது.

ரெபேக்கா கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள், வேகமாகத்தான். நான் வேலைக்குப் போகும்போது அவள் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். போயிட்டு வாங்க என்று அவள் சொன்னதே இல்லை.

"அண்ணே, பியூஸ் பையில இருக்கா?" என்றுதான் கேட்பாள்.

தட்டிக் காட்டிவிட்டுத்தான் போவேன்.