கொல்லைக்கு ஊற்றிய இட்லி மாவு

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அரை ஆயுள் பாடம் வரும். ஒரு பொருள் சிதைந்து பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலம் என்று பலகையில் எழுதும்போதே எனக்கு இட்லி மாவு வாசனை வந்துவிடும். கூடவே சிரிப்பும் வரும். டீச்சருக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்கு வகுப்பு நடந்த மாதிரிதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். வயல் அப்பாவுடையது, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொல்லை அம்மாவுடையது. அப்படித்தான் எழுதப்படாத பாகப்பிரிவினை. கொல்லையில் கத்தரி, வெண்டை, ஓரத்தில் கனகாம்பரம், நடுவில் அவரைப் பந்தல். அவரை காய்க்க ஆரம்பித்தால் தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக் காயைத்தான் சாப்பிடுவார்கள். அந்த ராஜ்ஜியத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு எதிரி, கோரை. பிடுங்கப் பிடுங்க மறுபடி தலை நீட்டும். "இந்தக் கோரைக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்று அவள் அப்பாவிடம் சொன்னது சத்தியம். பிற்பாடு அதை ஞாபகப்படுத்தும் தைரியம் அப்பாவுக்கு வரவேயில்லை.

அம்மா ஒரு விசேஷத்துக்காகச் சீர்காழி போயிருந்த நாளில் அப்பா வழி பண்ணினார். வயலுக்கு அடித்தது போக டப்பாவில் களைக்கொல்லி மிச்சமிருந்தது. எங்கள் பக்கம் அதற்கு மருந்து என்றுதான் பெயர். பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து, எனக்குக் காய்ச்சல் வந்தால் கொடுப்பதும் மருந்து. ஒரு டேங்க் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து என்று டப்பாவில் போட்டிருந்தது. அப்பா எதிலும் தாராளம். "ஒரு மூடியெல்லாம் கோரைக்குப் பத்துமா?" என்று நான்கு மூடி ஊற்றினார். மூடியை எண்ணியவள் நான்தான். அவரைப் பந்தலுக்கு மேலே படாமல் மண்ணில் மட்டும் அடிப்பதாக அவருக்கு நினைப்பு. வேர் மண்ணுக்குள்தான் இருக்கிறது என்பது அன்றைக்குப் பார்த்து அவருக்கு மறந்துவிட்டது.

பத்தே நாளில் பந்தல் பழுத்துச் சாய்ந்தது. கத்தரி போயிற்று, வெண்டை போயிற்று, கனகாம்பரம் கருகியது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாக விதை போட்டாள். பாதி முளைக்கவில்லை, முளைத்த பாதியும் வெளுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இந்த மண்ணுல நான் போட்ட வெதை எப்ப முளைக்குதோ அப்ப பேசறேன். அதுவரைக்கும் எங்கிட்ட பேச்சு வெச்சிக்க வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். அவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து நான்தான் வீட்டுக்குத் தபால்காரி. சாப்பாடு தயார் என்று அந்தப் பக்கம், சாம்பாரில் உப்பு கம்மி என்று இந்தப் பக்கம். சில தபால்களை நானே திருத்திக்கொண்டேன். உப்பு கம்மி என்பது என் வாயில் 'சாம்பார் பிரமாதமாம்' என்று ஆகிவிடும். மறுநாளும் உப்பு கம்மியாகவே வரும். அப்பா என்னைப் பார்த்து முறைப்பார்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒரே பயம். என் வகுப்பில் ஒருத்தியின் அம்மா இப்படித்தான் பேசாமல் இருந்து இருந்து, ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பச்சை சூட்கேஸ் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் முதலில் அது இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இந்தச் சமயத்தில் சித்தப்பா வந்தார், அப்பாவின் தம்பி. விவசாயக் காலேஜில் மண்ணைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தவர். கொல்லை மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார், முகர்ந்தார், டப்பாவைப் படித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, வாசல்படியில் நின்றபடி கணீரென்று சொன்னார்.

"அரை ஆயுசு ஒரு ரெண்டு மாசம் இருக்கும்ண்ணே."

உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா தீப்பெட்டியோடு ஓடி வந்தாள். "ஏன் தம்பி, வெளக்கு வெக்கிற நேரத்துல வாசல்ல நின்னுக்கிட்டு அவுங்க ஆயுச அறுக்கறீங்க? நாக்குல நல்ல வார்த்தையே வராதா?"

அண்ணனுக்கு இல்லை, மருந்துக்குத்தான் என்று சித்தப்பா மன்றாடினார். அம்மா காதில் வாங்கவில்லை. கைநிறைய உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அப்பாவை உட்காரச் சொல்லும்படி எனக்குச் சைகை காட்டினாள். நான் சொன்னேன், அவர் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசாமல் மூன்று சுற்றுச் சுற்றி, அவரைத் துப்பச் சொல்லும்படி எனக்கு மறுபடி சைகை. நான் சொன்னேன், அவர் துப்பினார். மிளகாய் அடுப்பில் வெடித்தது. பேசாத புருஷனுக்குத் திருஷ்டி கழித்த பெண்பிள்ளையை நான் அப்புறம் பார்த்ததில்லை.

கமறல் அடங்கியதும் சித்தப்பா விளக்கினார். மருந்து ஒரேயடியாகப் போகாது. இரண்டு மாசத்தில் பாதி போகும், அடுத்த இரண்டு மாசத்தில் மிச்சத்தில் பாதி. அப்படியானால் எப்போதுதான் முழுசாகத் தீரும் என்று நான் கேட்டேன். "கணக்குப்படி தீரவே தீராது பாப்பா. வெதை பொறுத்துக்கற அளவுக்குக் கொறஞ்சா போதும்" என்றார். நான் பரணைப் பார்த்தேன். அதுவரைக்கும் சூட்கேஸ் தாங்குமா?

அவர் இன்னொன்றும் சொன்னார். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். அவைதான் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றனவாம். அந்த மாதிரி உயிர்கள் எல்லா இடத்திலும் உண்டு, இட்லி மாவைப் பொங்க வைப்பதுகூட அவைதான் என்றார். அப்பா நம்பவில்லை. நான் நம்பினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த மாசம் கொல்லையில் ஒரு பச்சை தலை காட்டியது. அப்பா ஓடிவந்து, "முளைச்சிடுச்சுன்னு சொல்லு, ஓடு!" என்றார். அம்மா வந்து குனிந்து பார்த்தாள். கோரை. யாரை ஒழிக்க இத்தனையும் நடந்ததோ அதே கோரை, ஜம்மென்று நின்றது. "இதை நான் போடலைன்னு சொல்லு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை.

இனிப் பொறுத்தால் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா நண்பர்கள் நான்கு பேரோடு மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்ததால், அந்தச் சனிக்கிழமை அம்மா காலையிலேயே மாவு அரைத்து வைத்திருந்தாள். பெரிய குண்டான் நிறைய. சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனதும் மூடியைத் திறந்து பார்த்தேன். மாவு பொங்கி, மேலே முட்டை முட்டையாக வெடித்துக்கொண்டிருந்தது. ஆகா, எவ்வளவு உயிர்! குண்டானைத் தூக்க முடியாமல் சொம்பு சொம்பாக மொண்டு சுமந்தேன். செத்த பந்தலின் காலடியில் முழுசையும் ஊற்றினேன். "சாப்பிடுங்க, சீக்கிரம் சாப்பிடுங்க" என்று மண்ணுக்குள் இருந்தவர்களிடம் மரியாதையாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுக் கோழிகள்தான் முதலில் வந்தன.

கை கால் கழுவிவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்தாள். அடுக்களைக்குள் போனாள். குண்டான் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போயி வேற பாவாடை கட்டிக்க" என்றாள். அவ்வளவுதான்.

விளக்கு வைக்கும் நேரம் அல்லவா, அதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவாடை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கொல்லையில் இடி இடித்தது.

"என் மாவை எங்கங்க ஊத்துனீங்க?"

எட்டிப் பார்த்தேன். வயலிலிருந்து அப்போதுதான் வந்து, மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அப்பா நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் என்னைத் தேடினார், தபாலுக்காக. அப்புறம்தான் கேள்வி நேராகத் தனக்கே வந்திருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. வெள்ளையாகக் கிடந்த மண்ணைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

"ஆமா, நாந்தான்" என்றார். "மண்ணுக்கு நல்லதாம். தம்பி சொன்னான்."

அப்புறம் அம்மா திட்டினாள் பாருங்கள்! ஒன்றரை மாசமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. நான்கு மூடி வந்தது, அவரை வந்தது, கல்யாணத்துக்கு வாங்கித் தராத புடவைகூட வந்தது. அப்பா திருவிழாக் கச்சேரி கேட்கிறவரைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு, முகமெல்லாம் மலர நின்றார். கடைசியில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி சரி, காலைக் கழுவிட்டு சாப்பிட வாங்க" என்றாள். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

மறுநாள் சித்தப்பாவுக்கும் நண்பர்களுக்கும் உப்புமாதான். மாவுக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்க, அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி உப்புமா வைத்தாள். விதை முளைத்தது பொங்கலெல்லாம் கழிந்த பிறகு. அதற்கு என் மாவு காரணமில்லை. மழையும் எருவும் நாளும்தான் காரணம்.

அப்பா எனக்காகப் பொய் சொன்னார் என்பது மட்டும் எனக்கு அன்றைக்கே புரிந்தது. பாவம் அம்மா, இப்படி ஏமாந்துவிட்டாளே என்று பல நாள் அவளுக்காக வருத்தப்பட்டேன். அந்தப் பாவாடை மறுநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் முழுக்க அப்பியிருந்த மாவை அம்மா தனியாக ஊறவைத்துத் தேய்த்து எடுத்திருந்தாள். முதலில் என் பாவாடையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவள் அப்பாவைக் கேட்கப் போனாள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.