கறிவேப்பிலைக் கேள்வி

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று நினைப்பீர்கள், மன்னியுங்கள். சந்தோஷம் தாங்கவில்லை.

நான் லண்டனில் பொருளியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதை, இன்று காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறிக்கார அங்கிளிடம் அம்மா சொல்லிவிட்டார்.

"அப்ப சொல்லு பாப்போம். கறிவேப்பிலைய நான் ஏன் சும்மா தர்றேன்?"

வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சும்மா இல்ல அங்கிள். அதுக்காகத்தானே நாங்க பக்கத்துக் கடைக்குப் போறதில்ல."

"ஐயோ, கண்டுபிடிச்சிட்டா லா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நாளை பல்கலைக்கழகம் என்னை இணையவழி நேர்காணல் செய்கிறது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படித்ததில்லை, ஒத்திகை பார்க்க ஆளில்லை.

பொருளியல் படித்தவர்கள் யாராவது இன்று மாலை அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேட்பீர்களா? முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம், அங்கே பார்க்கத் தக்காளியும் இருக்காது; முதல் பத்து நிமிடம் மட்டும் உங்கள் கேமராவை அணைத்து வையுங்களேன்.