நான் கண்டுபிடித்த திருடி

மலாயாவில் காஹாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் கணவர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். வீட்டில் எனக்குத் துணை சிங்கப்பூரிலிருந்து தருவித்த துப்பறியும் நாவல்கள். "வேலையத்தவங்க படிக்கிற குப்பை" என்பார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தோட்டத்துப் பெண்கள் கதை கேட்க வருவார்கள். கங்காணியின் மனைவியும் கடைக்காரர் மனைவியும் என்னோடு பாயில் உட்காருவார்கள். கூலிக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் படிக்கட்டில். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருத்தி மட்டும் கீழே மண்ணில் நின்றபடியே கேட்பாள். அவளை நான் உட்காரச் சொன்னதில்லை.

எழுத்துத் தெரியாத அவள்தான் கதையை என்னைவிடக் கூர்மையாகத் தொடர்ந்தாள். "அந்தத் தம்பி கொல்லலைம்மா. கொன்னவன் இப்படியா வந்து சோறு திம்பான்?" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதே சரியாக இருக்கும். அது எனக்கு உள்ளூர உறுத்தியது என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஒரு ஞாயிறன்று கதையின் முடிவைப் படிக்கப் புத்தகத்தை எடுத்தேன். தையல் விட்டுப்போன பழைய புத்தகம் அது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைக் காணவில்லை. எனக்கு வருத்தத்தைவிட உற்சாகமே அதிகம். முதல்நாள் வீட்டுக்கு வந்தது யார்? கீரை கொண்டுவந்த அவள். முன்னதாகவே வந்து கீழே நின்ற அவள் மடியில் வெற்றிலை சுற்றிய அச்சுக் காகிதம் வேறு தெரிந்தது. அது போதாதா?

எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருந்தேன். நாவலில் வருவதுபோல ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினேன்.

"மடியில இருக்கிறதை எடு."

எடுத்துக் காட்டினாள். கடையில் பொட்டலம் கட்டிக்கொடுத்த செய்தித்தாள்.

"மிச்சத்தை எங்க வச்சிருக்கே?"

"எழுத்துத் தெரியாத எனக்கு அது எதுக்கும்மா?"

"வெத்திலை சுத்தத்தான். தெரிஞ்சிருந்தா கிழிச்சிருப்பியா?"

கடைக்காரர் மனைவி சிரித்தாள். என் பதில் எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது. பால் வெட்டுகிறவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள்.

மூன்றாம் நாள் துவைப்பதற்காக என் கணவரின் கோட்டை உதறினேன். உள்பையிலிருந்து அந்தப் பக்கங்கள் மடித்தபடி விழுந்தன. ஆபீசில் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறார்.

"நீங்களா எடுத்தீங்க?"

அவர் முகம் சிவந்தது. "முடிவு என்னன்னு பாக்கத்தான். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"அவளைத் திருடின்னு சொல்லிட்டேனே. போய்ச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவே? கிராணி களவாடினார்னா? நாளைக்கு ஆபீஸ்ல எவன் என்னை மதிப்பான்? விடு, அவளே மறந்துடுவா."

விட்டேன். அவர் தடுத்தார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் லயத்துக்குப் போய் அவள் வாசலில் நிற்க எனக்கே மனமில்லை.

யாரும் சந்தேகப்படாதவனே குற்றவாளியாக இருப்பான் என்பதை எத்தனை நாவலில் படித்திருப்பேன். என் வீட்டில் ஒன்று காணாமல் போனபோது வீட்டுக்குள் பார்க்கத் தோன்றவில்லை. யாரைக் குற்றம் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் வராதோ அவளிடம் நேராகப் போய் நின்றேன். அதைத் துப்பறிதல் என்றும் நம்பினேன். கதையில் வீண்பழி சுமந்தவரை எப்படியும் கடைசியில் விடுவித்துவிடுவார்கள். இங்கே அதைச் செய்யவேண்டியவள் நான்.

அவள் பிறகு கதை கேட்க வரவேயில்லை. சில மாதத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குத் திருப்பியனுப்பினார்கள். ஒரு காலையில் எங்கள் வீட்டைக் கடந்துபோன லாரியில் மூட்டைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். லாரி சாலை திரும்பி மறைந்த பிறகுதான் வாசலுக்கு ஓடினேன்.

பிறகு எங்கேயாவது விசாரித்து ஒரு கடிதமாவது போடலாம் என்று நினைத்தேன். அவள் எந்த ஊர்க்காரி என்றுகூட நான் ஒருநாளும் கேட்டு வைத்திருக்கவில்லை.