லயத்துப் பக்கம் கட்டிய முடிச்சு

செம்மண் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான், விடுதியில் கொடுத்த ரப்பர் காலணியைக் கழற்றாமலே வந்துவிட்டது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போக மனம் வரவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சக்கரத் தடங்களில் தண்ணீர் நின்றது. தோளில் ஒரு பை. சுங்கை சிப்புட்டுக்குப் போகும் பெரிய சாலை இன்னும் கண்ணில் படவில்லை.

அன்று காலை வரை எனக்கு அந்த விடுதியில் வேலை இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டப் பள்ளியை விட்ட நாளிலிருந்து கோழிப் பண்ணை, மரஆலை, சாலை போடுவது என்று எத்தனையோ செய்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டதில்லை. சைக்கிள் ஓட்டுவதற்குக் காட்டில் பாதை தேட வேண்டும்.

எண்பதுகளின் கடைசி அது. பழைய ரப்பர் தோட்டத்தின் ஒரு பகுதியை வாங்கிய ஈப்போ தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஆற்றோரம் பலகை வீடுகள் கட்டிக் குடும்பங்கள் வந்து தங்கும் விடுதியாக்கியிருந்தார். சனிக்கிழமை கார்கள் வரும். பிள்ளைகள் ஆற்றில் இறங்குவார்கள், பெரியவர்கள் கோழி சுடுவார்கள், அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கொசு அடித்துக்கொண்டிருப்பார்கள். தவுக்கேயின் தம்பி மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். தடித்த டயர் போட்ட சைக்கிள்கள் சிலவற்றைக் கொண்டுவந்து இறக்கினான். மலையிலும் காட்டிலும் ஓட்டலாமாம்.

அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பியவன் என் கூட்டாளி. பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் ஊர் ஊராகத் திரிந்தேன், அவன் பிறந்த லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீட்டிலேயே, இருந்துவிட்டான். தோட்டம் கைமாறியபோது மற்றவர்களெல்லாம் போய்விட, ஐந்து குடும்பங்களை மட்டும் தவுக்கே இருக்க விட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. வம்பு இல்லாமல் இருந்தால் இருக்கலாம் என்று வாயால் சொன்னதுதான். கூட்டாளியின் மனைவி விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

பாதை தேடுவது கஷ்டமாக இல்லை. மேட்டுக் காட்டில் மரம் நடுவதற்காக மலையைச் சுற்றிப் படிபடியாக மண்ணை வெட்டியிருப்பார்கள். பால்வெட்டுகிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்காமல் நிரை நிரையாக நடப்பதற்கு அதுதான் தோது. சைக்கிளுக்கும் அதே தோதுதான். புதர் மண்டிக் கிடந்ததே தவிர, பாதை உள்ளே அப்படியே இருந்தது. நான் செடியை வெட்டிக்கொண்டே போய் மரங்களில் சிவப்புச் சாயம் பூசுவேன்.

ஒரே சிக்கல், கண்ணிகள். லயத்துக்குப் பின்னால் ஐந்து வீட்டுக்காரர்களும் மரவள்ளி போட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் கிழங்கு காலி. அதனால் பன்றி வரும் வழியில் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்குப் போட்டு வைப்பார்கள். கண்ணி இருப்பதற்கு அடையாளமாக, அதற்குச் சற்று முன்னால் பாதையோரத்து லாலான் புல்லைக் கொத்தாகப் பிடித்து முடிச்சுப் போட்டிருக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே அது தெரியும். முடிச்சைக் கண்டால் சுற்றிப் போக வேண்டும்.

"சாயம் பூசின பாதையில இருக்கறத எல்லாம் எடுத்துரு," என்று கூட்டாளியிடம் சொன்னேன்.

"எடுத்துட்டேன் மச்சான். மேல ஒண்ணே ஒண்ணு விட்டுருக்கேன். பெரிய பன்னி ஒண்ணு அந்தப் பக்கமாத்தான் வருது. முடிச்சு போட்டுருக்குலா, பாத்துப் போவாங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. முடிச்சு இருக்கிறதே.

அந்த முடிச்சு எப்போதும் லயத்துப் பக்கம்தான் இருக்கும். நாங்கள் அங்கிருந்துதான் மேலே ஏறுவோம். மறுபக்கத்திலிருந்து ஆள் வருவதில்லை, பன்றிதான் வரும். தம்பி மகனோ சைக்கிளை விடுதிக்குப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு உச்சிக்கு ஏறி, அங்கிருந்து லயத்தைப் பார்த்து இறங்கினான். அவனுக்கு இறக்கம்தான் விளையாட்டு. கண்ணியைத் தாண்டினால்தான் அவனுக்கு முடிச்சு வரும். தாண்டவில்லை. முன்சக்கரம் கம்பியில் மாட்டி, அவன் கீழ்ப் படியில் போய் விழுந்தான். நாங்கள் ஓடிப் போனபோது நினைவு இருந்தது. காறை எலும்பு முறிந்திருந்தது. விடுதியிலிருந்த ஒரு காரில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

தவுக்கே கம்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். துணி துவைக்கும் தொட்டியருகே நாங்கள் நின்றோம். யாருடையது என்று மலாயில் கேட்டார். அவர் கத்தவில்லை. கூட்டாளி தரையைப் பார்த்தான். அவன் மனைவி நனைந்த விரிப்பைப் பிழியாமல் பிடித்திருந்தாள். அதிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் இருந்தது ஒரு பை. அவர்களிடம் வீடு இருந்தது. "என்னுடையது," என்றேன்.

"உன்னைப் பாதை தேடச் சொன்னேன். பன்றி தேடச் சொல்லவில்லை," என்றார் தவுக்கே. இருட்டுவதற்குள் போய்விடு, போலீசுக்குச் சொல்ல மாட்டேன் என்றார். அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கூட்டாளி. கூடவே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறு மச்சான், டவுன்ல விட்டுர்றேன்."

"நடந்துக்கறேன்."

"ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"நீ சொல்லியிருப்பியா?"

"வீட்டுக்காரிகிட்ட ஒரே ஏச்சு. அந்த அண்ணன் வாயத் தொறந்துச்சு, நீ செவுத்துப் பல்லி மாரி ஒட்டிக்கிட்டு நின்னேன்னு."

"பல்லியாவது சத்தம் போடும்லா."

இருவரும் சிரித்தோம். சீக்கிரமே அடங்கிவிட்டது.

"வீடு?" என்று கேட்டேன்.

"இருங்கன்னுட்டாரு. கண்ணி எல்லாத்தயும் எடுத்துரணும். இனிமே என்னயவே பாதை காட்டச் சொல்றாரு." வண்டியை நிறுத்தினான். "ஒன்னப் பத்திக் கேட்டாரு மச்சான். சரியாத் தெரியாது, தங்க எடம் கேட்டான், குடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"சரி."

"இந்தப் பக்கம் வந்துறாத. யாராச்சும் பாத்துட்டா மறுபடியும் கேப்பாரு."

"எத்தன நாளைக்கு?"

அவன் கைப்பிடியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினான். "வராதலா," என்றான். பிறகு வண்டியைத் திருப்பினான்.

சொன்னது சரிதான். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனுக்கு என்னைத் தெரியாமல் இருக்க வேண்டும். நான் சொன்ன பொய்க்கு அவன் சொன்னதுதான் மிச்சப் பாதி. அதை அறிந்தும், அவன் அப்படி ஒரேயடியாகத் திரும்பிப் போனது நெடுநேரம் உறுத்தியது. அவன் என்னோடு பெரிய சாலை வரையாவது வந்திருக்கலாம். நான்தான் ஏற மாட்டேன் என்றேன்.

சுங்கை சிப்புட்டில் பூட்டிய கடை ஒன்றின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் படுத்தேன். விடிந்ததும் பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போனேன். லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஒருவர் ரொட்டியைக் காப்பியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவருடைய கிலிண்டான், அதாவது கூடப் போய் ஏற்றி இறக்குகிற ஆள், சொல்லாமல் ஓடிவிட்டானாம். கடைக்காரரிடம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வாரேண்ணே," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரப்பர் கட்டை. கனமா இருக்கும். தூக்குவியா?"

"தூக்குவேன். எந்தப் பக்கம் போவுது?"

"தஞ்சோங் மாலிம். அதுக்கப்புறமும் தெக்காலதான் ஓட்டம், இங்குட்டு அடிக்கடி வராது. ஏன், இங்க ஒனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்லண்ணே," என்றேன். ரொட்டியை முடித்துவிட்டு அவர் எழுந்தார். நான் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.