நகரிக்கு அப்பால் நான்கு கிண்ணம் வோட்கா

வாசகர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மது அருந்துபவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். திருத்தணியில் எங்கள் பகுதி மதுவிலக்குக் குழுவுக்குத் தலைவன். மலைக்குச் செல்லும் சாலையிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரி மறியல் நடந்தபோது முன்வரிசையில் அமர்ந்தவன். அத்தகையவன் உயர்ரக வோட்காவை நான்கு கிண்ணங்களில் நாவில் வைத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் மகள் நித்யா.

அவள் பால் நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறாள். பாஸ்கர் என்ற வரனைக் கொண்டுவந்த தரகர், பிள்ளைக்கு எசென்ஸ் கம்பெனியில் வேலை என்றார். ஜாதகம் பொருந்தியது, படம் பிடித்திருந்தது. மறுநாள் அந்தப் பிள்ளையே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தரகர் சொன்னது சரியில்ல சார். நான் வேல செய்யறது வோட்கா தயாரிக்கிற கம்பெனி. அது தெரியாம நீங்க மேல பேசக் கூடாது" என்றார். நான் நன்றி சொல்லிப் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டேன். ஆனால், வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவந்த நித்யா இதைக் கேட்டதும் இம்முறை, "நேர்ல போய்ப் பாருங்கப்பா. அந்த வேல இன்னான்னும் பாருங்க. அப்பறம் நீங்க வேணாம்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன்" என்றாள். அவள் அவ்வளவு கேட்டது எனக்குத் தெரிந்து அதுவே முதல்முறை.

ஆவணிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பேருந்து நிலையத்தில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. உடன் வந்தவர் என் மனைவியின் தம்பி தணிகாசலம். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அக்காள் கணவனான என்னை 'பாவா' என்று அழைப்பவர். எதையும் உரக்கப் பேசுபவர். என் கைப்பையில் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலும், தயிர்சாதம் ஒரு டப்பாவும் இருந்தன. பெண்ணைப் பெற்றவர்கள், சம்பந்தம் முடிவாகும் வரை பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் சொன்னதாகவே பொருள். நான் சம்மதம் சொல்லப் போகவில்லை; நேரில் பார்ப்பதாக மகளுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றி, மறுத்துவிட்டு வரவே போனேன்.

நகரிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் இருபத்தைந்து ரூபாய். எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. ஆந்திரத்திலிருந்து வரும் பேருந்துகளில் காவலர்கள் ஏறிப் பைகளைப் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும் எங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. "போவ சொல்ல உட்டுடுவான் பாவா, வர சொல்லதான் மோந்து பாப்பான்" என்றார் தணிகாசலம். முன்னிருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாவடியைத் தாண்டியதும் நகரி மலை தெரிந்தது. மல்லாந்து படுத்தவனின் மூக்கைப் போல அதன் உச்சி துருத்தி நிற்கும். நகரியில் இறங்கியபோது தெருவெங்கும் விசைத்தறிகளின் சத்தம். அங்கிருந்து நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் பாதி தெலுங்கில், கம்பெனியில் லோடு ஏற்றவா வந்தீர்கள் என்று விசாரித்தார். மாப்பிள்ளை பார்க்க என்று தணிகாசலம் சொல்லிவிட, ஓட்டுநர் கண்ணாடியில் என் வெள்ளை வேட்டியையும் திருநீற்றையும் ஒருமுறை பார்த்தார். மாந்தோப்புகளுக்கு நடுவே எட்டுக் கிலோமீட்டர் போனோம்.

ஆலை வாயிலில் நான் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. ஆப்ப மாவு பொங்கினால் வருமே, அந்த மணம். அரிசியை வேகவைத்துப் புளிக்கவிட்டு, தூண் போன்ற உயரமான செப்புக் கலங்களில் பலமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். பாஸ்கர் வெள்ளை அங்கியுடன் வந்து கைகூப்பினார். வயது முப்பத்தொன்று, ஒல்லியான உடல், அதிகம் பேசாதவர். ஆலையைச் சுற்றிக் காட்டியபோது நான் கேட்டவற்றுக்கு மட்டும் விடை சொன்னார்.

பத்தரை மணியளவில் சுவை பார்க்கும் அறைக்கு அழைத்துச் சென்றார். வெண்மையான மேசை; நான்கு கிண்ணங்கள்; ஒவ்வொன்றின்மீதும் ஒரு கண்ணாடி மூடி; பக்கத்தில் துப்புவதற்கு ஒரு வாளி. எந்தக் கிண்ணத்திலும் பெயர் இல்லை. தண்ணீர் கலந்து காரத்தைக் குறைத்திருப்பதாகவும், முதலில் முகர்ந்து, பிறகு நாவில் உருட்டி, துப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய வேலையில் யாரும் விழுங்குவதில்லையாம். விழுங்கினால் நான்காவது கிண்ணத்துக்கு வருவதற்குள் நாக்கு ஏமாற்றத் தொடங்கிவிடுமாம்.

விழுங்காதது குடித்ததாகாது என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டு முதற்கிண்ணத்தை எடுத்தேன். தணிகாசலத்துக்கு வேறொரு ஐயம். "பாவா, வாயில வச்சா கை நனைச்ச கணக்கா?" என்றார். துப்பிவிட்டால் இல்லை என்றேன். பாஸ்கர் சிரிக்காமல் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முதலாவதில் மிளகின் உறைப்பும் கருகிய ரொட்டியின் வாசமும் இருந்தன. இரண்டாவது மிக மென்மை. நாவைவிட்டு அகன்ற பின் சோம்பு மென்றது போன்ற இனிப்பு. இடையிடையே வாய் கொப்பளிக்க அவர் தண்ணீர்க் குவளையை நீட்டினார். என்னிடம் இருக்கிறது என்று என் பாட்டிலைத் திறந்தேன். அதன் பொருள் அவருக்குத் தெரியாமல் இராது. குவளையைத் திரும்ப வைத்தார், வற்புறுத்தவில்லை. மூன்றாவது பாலேடுபோலக் கனத்து நின்றது; மழை பெய்த மண்ணின் சாயல். நான்காவதில் சோறு வடிக்கையில் எழும் கஞ்சி ஆவி தெரிந்தது. ஆனால் முடிவில் ஒரு சுள்ளென்ற கசப்பு.

எது உயர்ந்தது என்று கேட்டார். மூன்றாவது என்றேன், நான்காவது பரவாயில்லை என்றேன். "அந்த மூணாவது உங்க சரக்குன்னு சொல்லிடு தம்பி, பாவா இங்கயே தாம்பூலம் மாத்திடுவாரு" என்றார் தணிகாசலம்.

"மூணாவது போலந்து நாட்டுது சார், உருளைக்கிழங்குல பண்ணது. பாட்டில் ஆறாயிரத்துக்கு மேல. மொதலாவது ரைன்னு ஒரு தானியம், ரெண்டாவது கோதும. நாலாவதுதான் எங்களுது, ரெண்டாயிரத்து எரநூறு. அந்தக் கசப்பு இருக்கறது எனக்கும் தெரியும். இன்னும் போவல" என்றார் பாஸ்கர்.

நான் மறுப்பதற்கென்று வரும்வழியெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: ஊரில் என்னை மதிப்பவர்கள், உங்கள் மருமகனுக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

"இன்னா பெரிய விசயம், எசென்ஸ் கம்பெனின்னு சொன்னா போச்சு" என்றார் தணிகாசலம்.

பாஸ்கர் கண்ணாடி மூடிகளை ஒவ்வொன்றாகக் கிண்ணங்களின்மேல் வைத்தார். "உள்ளதச் சொல்லுங்க சார். சொல்ல சங்கடம்னா இந்த சம்பந்தம் வேணாம். நீங்க ஒருதரம் மறச்சா, அப்பறம் ஆயுசுக்கும் உங்க பொண்ணு மறைக்கணும். அவங்க எதுக்கு சார் தல குனியணும்?"

அவள் தலைகுனியக் கூடாது என்பதற்காகத்தான் நானும் மறுக்க வந்திருந்தேன்.

ஆலைக்குப் பின்னால் பணியாளர் குடியிருப்பு. பாஸ்கரின் தாயார் வாசலில் நின்றிருந்தார். காலையில் ஆலையைச் சுற்றும்முன் இங்கே தலைகாட்டியபோதே முறை அறிந்தவராக, காபி என்ற சொல்லை எடுக்கவில்லை. இப்போதும், "போய்ட்டு வாங்கண்ணா" என்றுதான் சொன்னார். உள்ளே அடுப்பில் ஏதோ தாளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. ஆட்டோ காத்திருந்தது. தணிகாசலம் அதில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அதில் பாதிக்குமேல் இருந்தது. பிறகு மகனைப் பார்த்து, "நைனா, நாற்காலி எடுத்துப் போடு" என்று சொல்லிவிட்டு விரைந்து உள்ளே போனார். அவர் கொண்டுவந்த செம்பை வாங்கி, நின்றபடியே முழுவதும் குடித்தேன். தணிகாசலம் வண்டியிலிருந்து காலை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு முன்பாக வீட்டுக்குள் நுழைந்தார். பன்னிரண்டு மணிக்கு இலை போட்டார்கள்.

திரும்பும்போது சாவடியில் காவலர் ஏறினார். என் பையைத் திறந்து, பாட்டிலை மட்டும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். வழக்கமான சோதனைதான், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

திருத்தணிப் பேருந்து நிலையத்தில் எங்கள் குழுவின் பொருளாளர் எதிர்ப்பட்டார். இரண்டு பேரும் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். தணிகாசலம் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: நகரிக்கு அப்பால் ஒரு வோட்கா ஆலைக்குப் போய் வருகிறோம், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைக்குத்தான் நித்யாவைக் கொடுக்கப் போகிறோம், நான் தலைவராக நீடிக்கலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் நீங்களெல்லாம் முடிவு செய்யுங்கள். அவர், கூட்டத்துல பேசிக்கலாம் சார் என்று சொல்லி நடந்தார். வழக்கமாகக் கைகுலுக்குபவர், அன்று குலுக்கவில்லை.

நித்யாவிடம் நான் நேரில் சொல்லும் வரை யாரும் தொலைபேசியில் பேச வேண்டாம் என்று பாஸ்கர் வீட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். எங்கள் கிணற்று நீரில் இலேசான உப்பு இருப்பதை இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் நாக்கு கண்டது. பாஸ்கர் வீட்டுத் தண்ணீரில் அது இல்லை.

நித்யா எதுவும் கேட்காமல் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். கையில் அதன் கனத்தை உணர்ந்து நின்றாள். மூடியைத் திறந்தாள். காலையில் அவள் கிளறி வைத்த தயிர்சாதம் வைத்தபடியே இருந்தது.