தைப்பூசம் முடிந்தும் முடியாத விரதம்

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் ஜொகூரில், உலு திராமில் கணேசனின் பதினாறாம் நாள் சடங்கு. படத்துக்கு முன்னால் இலை போட்டு ஆட்டுக்கறிப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, ஒரு டின் பீர் வைத்தார்கள். யாரோ சிகரெட் பெட்டியையும் வைத்தார்கள். அவன் மனைவி சரசு அதை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தார்.

செனாய் தொழிற்சாலையில் நானும் கணேசனும் ஒரே ஷிஃப்டில் பெட்டி தூக்கினோம். நான் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டாதவன். அவன் அங்கேயே ஒன்பது வருடம்.

வருடா வருடம் காவடி எடுப்பான். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு. இந்த வருடம் காவடியை இறக்கிய பிறகும் அவன் தட்டைத் தொடவில்லை. கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து தேநீர் மட்டும் குடிப்பான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தான்.

நாங்கள் என்ன நினைத்தோம்? பக்தி முற்றிவிட்டது என்று. முதலில் 'சாமி' என்று கூப்பிட்டவன் நான்தான். அப்புறம் ஷிஃப்ட் முழுக்க அதே பெயர்.

ஒரே ஒரு நாள் என்னிடம் சொன்னான்:

"அண்ணே, சாப்பிட்டா அரை மணி நேரத்துல வயித்த முறுக்குது. சாப்பிடலன்னா ஒண்ணும் இல்ல."

"கேஸ்ட்ரிக் லா. மாத்திரை போடு."

நான் படித்தது ஆறாவது வரை. வைத்தியம் மட்டும் தாராளம்...

பிறகு ஒரு நாள் வலி தாங்காமல் சுருண்டு விழுந்தான். ஜொகூர் பாரு மருத்துவமனையில் டாக்டர் எங்களுக்குப் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய். விலாவுக்குக் கீழே அதில் ஒரு குட்டைக் கிளை. அது உடனே மூன்றாகப் பிரிகிறது — இரைப்பைக்கு, கல்லீரலுக்கு, மண்ணீரலுக்கு. சற்றுக் கீழே குடலுக்கு இன்னொரு கிளை. கணேசனுக்கு இரண்டு கிளைகளும் வாயிலேயே தூர்ந்து போயிருந்தன. பல வருட சிகரெட். சாப்பிட்டால் வயிறு கூடுதல் ரத்தம் கேட்கும், குழாய் தராது. அதுதான் வலி. அன்று கீழ்க் கிளை முழுக்க அடைத்து, குடல் செத்துவிட்டது. முன்பே வந்திருந்தால் குழாயை விரித்திருக்கலாமாம்.

அவன் ஏன் போகவில்லை? சடங்கு வீட்டில்தான் சரசு சொன்னார்.

"நான் கூப்பிட்டேண்ணே. 'எல்லாரும் சாமிங்கிறாங்க, இப்பப் போயி சாப்பாட்டுக்குப் பயந்துதான் பட்டினின்னு எப்படிச் சொல்றது'ன்னாரு."

சொல்லிவிட்டு இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தார். படத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"இனிமே வலிக்காது. சாப்பிடுங்க."

யாராவது விரதம் என்றால், கையெடுத்துக் கும்பிடும் முன் ஒன்று கேளுங்கள் — சாப்பிட்டால் வலிக்கிறதா?