ஜெர்மன் டப்பாவும் என் இங்கிலீஷும்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான்காம் வகுப்பு. சிங்காநல்லூரில் கடைப் பலகை முதல் பிஸ்கட் பாக்கெட் வரை எதையும் விட்டுவைக்க மாட்டேன். அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. எனக்கு அதைவிட.

அப்பா மில்லில் ஃபிட்டர். ஜெர்மனியிலிருந்து வந்த புது மெஷினின் மரப்பெட்டியைப் பிரித்தபோது மூலையில் ஒரு தகர டப்பா கிடந்ததாம். பலகைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று அதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். லேபிள் பாதி கிழிந்திருந்தது. மிச்சமிருந்த நான்கு எழுத்துகளை நான் கூட்டி வாசித்தேன். கிஃப்ட்!

"பரிசுங்கப்பா" என்றேன். உள்ளே வெள்ளை மாவு. அது சீமைப் பால் பவுடர் என்று தீர்ப்புச் சொன்னதும் நானேதான். இரண்டு வயதுத் தங்கைக்குக் கரைத்துக் கொடுக்க அப்பா டம்ளரை எடுத்துவிட்டார்.

அம்மா டப்பாவை வாங்கி முகர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் அவிநாசிப் பக்கம் பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனவள்.

"ஏனுங்க, இது மருந்து வாசமாட்ட இருக்குதுங்க. புள்ளைக்குக் குடுக்க வேண்டாமுங்க."

மருந்தென்றால் நல்லதுதானே என்று மடக்கினேன். பூச்சிக்கு அடிக்கும் விஷத்தையும் காட்டில் மருந்து என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா என் இங்கிலீஷை நம்பவில்லையே என்று அழுது ஊரைக் கூட்டினேன். அம்மா டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் மெஷினைப் பொருத்த வந்திருந்த ஜெர்மன்காரரிடம் அப்பா டப்பாவைக் காட்டியிருக்கிறார். அவர் முகம் வெளிறிவிட்டதாம். அவர்கள் பாஷையில் கிஃப்ட் என்றால் விஷம். எலிக்காக வைத்தது. அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எம்புள்ள படிச்சது சரிதானுங்க. அவங்கதான் தப்பா எழுதிப்போட்டாங்க!"

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

இன்று பீளமேட்டில் ஜெர்மன் மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. இரண்டு மொழியிலும் அந்தச் சொல் 'கொடு' என்ற ஒரே வேரில் பிறந்தது. கொடுத்த பொருள் இங்கிலீஷில் பரிசாகவே இருக்க, ஜெர்மனில் அது வைத்தியர் கொடுக்கும் மருந்தாகி, பிறகு விஷமாகிவிட்டது. எங்கள் பருத்திக் காட்டில் மருந்து என்ற சொல்லும் அதே வழியில் போனதுதான். இதை அலுவலகத்தில் விளக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது, என் படிப்பைப் பற்றியல்ல. அன்று எங்கள் வீட்டில் அந்த டப்பாவைச் சரியாகப் படித்தவள் அம்மா ஒருத்திதான் என்பது, வாசலில் நிமிர்ந்து நின்ற எனக்கு விளங்கவே இல்லை.